அண்ணனுக்கு வராத ஐஸ்கிரீம்

போன பொங்கலுக்கு பழவேற்காடு போயிருந்தபோது, அண்ணன் மகனுக்கு என் போனில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "சித்தப்பா, எல்லாரும் ஏன் கேமரா கிட்ட எதையாவது நீட்டிக்கினே இருக்காங்க?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவன் அப்பாவும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார். அவர் கேட்டது தியேட்டரில், கண்ணாடி போட்டுக்கொண்டு. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

முதலில் படத்தைப் பற்றி. 1984 ஆகஸ்டில் மலையாளத்தில் வந்த படம். இந்தியாவின் முதல் 3டி படம். இயக்கியவர் ஜிஜோ, தயாரித்தவர் அவருடைய அப்பா நவோதயா அப்பச்சன் (பின்னாளில் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா ஆரம்பித்தவர் இவர்தான்). இசை நம்ம இளையராஜா, ஒளிப்பதிவு அசோக்குமார். மந்திரவாதி ஒருவனிடம் அடிமையாகக் கிடக்கும் குட்டிச்சாத்தானை மூன்று பிள்ளைகள் விடுவித்து, தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் விசித்திரமான படம். அந்தச் சிறுமியின் அப்பா குடிகாரர். சாத்தானும் சாராயம் குடிக்கிறது, அதுவும் பையன் உருவத்தில்! இன்றைக்கு குழந்தைகள் படம் என்று சொல்லி இப்படி எடுக்க விடுவார்களா, சந்தேகம்தான்.

எனக்கு அப்போது ஆறு வயசு, அண்ணனுக்குப் பத்து. நைனா எங்களை பஸ்ஸில் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார். 3டி கண்ணாடியால் 'மெட்ராஸ் ஐ' ஒட்டிக்கொள்ளும் என்று ஊரெல்லாம் வதந்தி. அது ஊர் பொம்பளைகள் கிளப்பிய கதை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, பெரிய நடிகர்களே படத்தின் தொடக்கத்தில் தோன்றி, கண்ணாடியைச் சுத்தம் செய்துதான் கொடுக்கிறோம் என்று சொல்லும் அளவுக்கு அந்த வதந்தி பரவியிருந்தது. அம்மா யாரையும் நம்பவில்லை. எங்கள் கண்ணாடிகளை முந்தானையால் துடைத்துத் துடைத்தே கீறல் விழவைத்தார்.

ஐஸ்கிரீம் வந்தது. தியேட்டரே கையை நீட்டியது. நானும் சீட்டின் மேல் ஏறி நின்று நீட்டினேன். அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னாடா எல்லாரும் காத்த புடிக்கிறீங்க? எனுக்கு ஒண்ணும் வர்ல." பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவருக்கு உண்மையிலேயே வரவில்லை. ஏன் என்று புரிய, 3டி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறு சொச்சம் சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் ஒரே பொருளை இரண்டு கண்ணும் கொஞ்சம் வேறு வேறாகப் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்து மூளை ஆழத்தைக் கணக்குப் போடுகிறது. 3டி படத்தில் அந்த வித்தியாசத்தைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். குட்டிச்சாத்தானில் ஒரே ஃபிலிம் சுருள்தான். ஒவ்வொரு ஃபிரேமையும் மேல் கீழாக இரண்டாகப் பிரித்து, ஒன்று இடக்கண்ணுக்கு, ஒன்று வலக்கண்ணுக்கு. புரொஜெக்டரில் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழும்; ஒவ்வொன்றின் ஒளியும் வேறு வேறு திசையில் துருவப்படுத்தப்பட்டிருக்கும். கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் தனக்குரியதை மட்டும் உள்ளே விடும். சாதாரண வெள்ளைத் திரையில் பட்டால் அந்தத் துருவத் திசை கலைந்துபோகும். அதனால் வெள்ளி பூசிய திரை வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் கடைசி வேலை மூளையுடையது. அது இரண்டு படத்தையும் வாங்கிச் சேர்த்தால்தான் ஐஸ்கிரீம் வெளியே வரும்.

அண்ணன் மூளை ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது. சோம்பல் கண் என்பார்கள். கண்ணைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. சின்ன வயதில் ஒரு கண்ணின் பார்வை மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால், மூளை அதைக் கணக்கில் எடுப்பதையே விட்டுவிடும். நூறில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. பிறந்ததிலிருந்தே அப்படிப் பார்ப்பவருக்கு, அது குறை என்றே தோன்றாது. பிள்ளையின் ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, சோம்பல் கண்ணுக்கு வேலை கொடுப்பது வழக்கமான சிகிச்சை. ஏழெட்டு வயதுக்குள் செய்தால் பலன் அதிகம்.

எங்கள் வீட்டில் தெரியவந்தபோது அண்ணனுக்கு முப்பது தாண்டிவிட்டது. டாக்டர் சொன்னதைக் கேட்டு அம்மா அழுதார். அந்தக் கண்ணாடிதான் கெடுத்துவிட்டது, மெட்ராஸ் கூட்டிப்போயிருக்கக் கூடாது என்றார். கண்ணாடி போட்டதால் இது வருவதில்லை, அதற்கு முன்பே இருந்தது, அன்றைக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். போய்ச் சேரும்வரை அவர் நம்பவே இல்லை. அன்று அண்ணன் சொன்னதை யாராவது காதில் வாங்கியிருந்தால் என்று எனக்கும் தோன்றும்.

அண்ணன் ஏரியில் தொழில் செய்கிறார். ஒத்தைக் கண்ணை வைத்து எப்படி என்று கேட்பீர்கள். இரண்டு கண்ணின் வித்தியாசம் கிட்டத்தில்தான் பெரிய உதவி. தூரம் இரண்டு மடங்கானால் அதன் துல்லியம் நாலில் ஒரு பங்காகிவிடும். தூரத்துப் பூநாரைக் கூட்டத்தையும் லைட்ஹவுஸையும் பார்க்கும்போது நாம் எல்லோருமே கிட்டத்தட்ட ஒத்தைக் கண்ணர்கள்தான். உருவத்தின் அளவு, பனிமூட்டம், படகு நகரும்போது எது வேகமாகப் பின்னால் போகிறது என்பதையெல்லாம் வைத்துத்தான் தூரத்தை அளக்கிறோம். வலை வீசுவதில் அவருக்குக் கஷ்டமில்லை. கிழிந்த வலையை ஊசி நூலோடு பின்னும்போதுதான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருப்பார். எங்களுக்கு அது வெறும் பழக்கமாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், தலையை ஆட்டி ஆட்டி ஒரே கண்ணுக்கு இரண்டு கோணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்!

ஆனால் அன்றைக்கு ஒரு காட்சியில் அண்ணனும் வாயைப் பிளந்தார். ஒரு பாட்டில் பிள்ளைகள் தரையில் நடந்து, சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து, அடுத்த சுவர் வழியாக இறங்கி வருவார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலம். எஃகுச் சட்டத்துக்குள் ஒரு முழு அறையைக் கட்டி, அதையே சுழற்றினார்கள். கேமராவும் அறையோடு சேர்ந்து சுழலும். அதனால் படத்தில் அறை அசையாது, ஆட்கள்தான் ஏறுவதுபோல் தெரியும். பிள்ளைகள் என்னவோ எப்போதும் கீழேதான் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஃபிரெட் அஸ்டேர் 1951-லேயே 'ராயல் வெட்டிங்' படத்தில் இந்த உத்தியில் கூரையில் ஆடிவிட்டார். நான் வேலையில் எழுதும் 3டி நிரலில்கூட, கேமராவைத் திருப்புவதும் உலகத்தைத் திருப்புவதும் ஒரே கணக்குதான். குறி மட்டும் மாறும். கயிற்றில் தொங்கவிட்டு எடுத்திருந்தால் தலைமுடியும் பாவாடையும் காட்டிக்கொடுத்திருக்கும். இங்கே பிள்ளை எந்தச் சுவரில் நிற்கிறதோ அந்தப் பக்கமே பாவாடையும் தொங்குகிறது. அதைப் பார்க்க ஒரு கண் போதும்.

போனில் ஓடுவது அந்த இரண்டு படங்களில் ஒன்று மட்டும். அதனால்தான் அண்ணன் மகனுக்கும் ஐஸ்கிரீம் வரவில்லை. கூரைக் காட்சி வந்ததும் போனைப் பிடுங்கி, "எப்படி சித்தப்பா?" என்று தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அண்ணன், "நான் அன்னிக்குப் பாத்ததும் இப்படியேதான்டா இருந்துச்சு" என்றார்.