முத்தும் மூச்சும்

மன்னார்க் குடாக்கடலைப் பற்றிப் பேசப் புகுவோர் முத்தைப் பற்றிப் பேசாது விடுவதில்லை. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் கரையூர்களுக்கு எதிரே, கடலடியிற் கிடக்கும் பார்களிலிருந்து எடுக்கப்பட்ட முத்து, மாதோட்டத் துறைமுகம் சிறப்புற்றிருந்த காலந்தொட்டு அயல்நாட்டு வணிகரை இக்கரைக்கு ஈர்த்து வந்தது. அதிலே அரசர் வருவாயைக் கண்டனர். புலவர் உவமையைக் கண்டனர். மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்பது முன்னோர் பலர் கொண்ட கருத்து. இரசாயனம் பயில்வோனுக்கோ முத்து வேறொரு வினாவை எழுப்புகின்றது. அவ்வினாவையும் அதற்குரிய விடையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முத்தைப் பகுத்தாராய்ந்தால் அதிற் பெரும்பகுதி கல்சியங்காபனேற்றாகவே காணப்படும். மன்னார்க் கரையில் ஒதுங்கும் முருகைக்கல்லும், சுண்ணாம்புக்கல்லும், கோழிமுட்டையின் ஓடும் அப்பொருளே. எனினும் முத்திலே அது அரகனைற்று என்னும் படிக வடிவில், மெல்லிய தகடுகளாய், செங்கல்லின் மேற் செங்கல் அடுக்கியதுபோல ஒழுங்குற அமைந்திருக்கின்றது. ஒரு தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்களவே. அஃது ஒளியலையின் நீளத்துக்கு அண்மையதாதலின், தகடுகளிற் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் தம்முட் கலந்து, முத்துக்கே உரிய நீர்மையைத் தருகின்றன. தகடுகளுக்கிடையே சாந்துபோல நிற்பது புரதப் பொருள். நிறையில் அது நூற்றுக்கு ஐந்து பங்களவினதே.

உலையில்லை, உயர்ந்த வெப்பமில்லை, கடுமையான அமிலமோ காரமோ இல்லை. கடல்நீரின் சாதாரண வெப்பநிலையில், எலும்பற்ற மெல்லுடலியொன்று இத்தகைய கட்டடத்தை எங்ஙனம் எழுப்புகின்றது? இதுவே நம் வினா.

ஊக்கி என்பது யாது?

ஒரு தாக்கம் நிகழக்கூடியதாயிருத்தல் வேறு. அது விரைவாக நிகழ்தல் வேறு. விறகு எரியக்கூடியது, ஆயினும் அடுக்களையில் அடுக்கி வைத்த விறகு தானாக எரிவதில்லை. தாக்கம் தொடங்குமுன் மூலக்கூறுகள் ஒரு தடையைத் தாண்டவேண்டும். அத்தடையைக் கடத்தற்கு வேண்டிய சத்தியை ஏவற்சத்தி என்பர். இத்தடையைத் தாழ்த்தி, தாக்கத்தை விரைவுபடுத்தி, முடிவிலே தான் செலவாகாது எஞ்சும் பொருள் ஊக்கி எனப்படும். இத்தகைய செயல்களையெல்லாம் ஒரே பெயரின்கீழ்த் தொகுத்து நோக்கியவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேர்சீலியசு. அஃது 1835 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

ஊக்கியைப் பற்றி மாணவர் பலரும் மறந்துவிடும் உண்மையொன்றுண்டு. ஊக்கி தாக்கத்தின் வேகத்தை மாற்றுமேயன்றி, அதன் சமநிலையை மாற்றாது. மன்னார்த் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே பாலம் அமைவதற்கு முன்னர் மக்கள் தோணியிலேறிக் கடந்தனர். பாலம் அமைந்தபின் போக்குவரத்து விரைவாயிற்று. ஆனால், அந்த விரைவு இருதிசைக்கும் பொதுவானது. எக்கரையில் எத்தனைபேர் வாழ்வர் என்பதைத் தீர்மானிப்பன நிலமும் நீரும் தொழிலுமேயன்றிப் பாலமன்று. ஊக்கியும் அத்தகைய பாலமே. இவ்வுவமையை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கட்டுரையின் இறுதியில் இதற்குத் தேவை நேரும்.

உயிர்களிடத்துக் காணப்படும் ஊக்கிகளே நொதியங்கள். நொதித்தல் நிகழ்வதற்கு உயிருள்ள மதுவக்கலம் இன்றியமையாதது என்று ஒருகாலத்தில் அறிஞர் பலர் கருதினர். 1897 இல் எடுவாட்டு புக்கினர் என்னும் சேர்மானிய அறிஞர் மதுவக்கலங்களை நசுக்கிப் பிழிந்து, கலமற்ற சாறும் வெல்லத்தை நொதிக்கச் செய்யும் என்று காட்டினார். 1926 இல் அமெரிக்கரான சம்னர் வாளவரை விதையிலிருந்து யூரியேசு என்னும் நொதியத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது புரதமே என்று நிறுவினார். பின்வந்த காலத்தில் இரைபோநியூக்கிளிக்கமில மூலக்கூறுகள் சிலவும் ஊக்கியாகத் தொழிற்படுதல் கண்டறியப்பட்டது. ஆயினும் நொதியங்களிற் பெரும்பாலானவை புரதங்களே. உண்டதைச் சிதைத்துச் சத்தி பெறுதலும், அச்சத்தியைக்கொண்டு உடலைக் கட்டுதலுமாகிய இருவகைத் தாக்கங்களின் தொகுதியை அனுசேபம் என்கின்றோம். அனுசேபத்தின் ஒவ்வொரு படியிலும் அதற்குரிய ஒரு நொதியம் நிற்கின்றது.

மூச்சில் ஒரு நொதியம்

முத்தைவிட்டுச் சிறிது விலகி, நம் குருதியை நோக்குவோம். உடற்கலங்களிற் பிறக்கும் காபனீரொட்சைட்டின் பெரும்பகுதி, குருதியில் அவ்வாயுவாகவே செல்வதில்லை. அது நீருடன் கூடி இருகாபனேற்று அயனாக மாறிச் செல்கின்றது:

காபனீரொட்சைட்டு + நீர் ⇌ இருகாபனேற்று அயன் + ஐதரசன் அயன்

நுரையீரலை அடைந்ததும் இத்தாக்கம் பின்னோக்கி நிகழ்ந்து, காபனீரொட்சைட்டு வெளியேறவேண்டும். இங்கேதான் இடர். ஊக்கியில்லாதபோது, 25 பாகை வெப்பநிலையில், நீரிற் கரைந்த காபனீரொட்சைட்டிற் பாதி மாற்றமுறுவதற்கு ஏறத்தாழ 20 விநாடி செல்லும். எதிர்த்திசைத் தாக்கமும் உடலின் தேவைக்குப் போதாத மெதுவினது. குருதியோ நுரையீரலின் மயிர்த்துளைக் குழாய்களைக் கடப்பது ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில். இவ்விரு கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

கேம்பிரிச்சுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த மெல்திரமும் உறோட்டனும் 1933 இல் இம்முரணைத் தீர்த்தனர். செங்குழியத்தினுள் இத்தாக்கத்தை விரைவுபடுத்தும் நொதியம் ஒன்று உளது எனக் கண்டு, அதற்குக் காபோனிக் அன்ஐதரேசு எனப் பெயரிட்டனர். சில ஆண்டுகளின்பின் கீலின், மான் என்போர் அந்நொதியத்தின் நடுவே நாக உலோக அணுவொன்று இருத்தலைக் காட்டினர். அந்த நாகம் நீர் மூலக்கூறொன்றைப் பற்றி, அதிலிருந்து ஐதரசன் அயனை நீங்கச் செய்து, எஞ்சிய பகுதியைக் காபனீரொட்சைட்டைத் தாக்குதற்கு ஆயத்தமாக நிறுத்துகின்றது. நம் செங்குழியத்திலுள்ள இந்நொதியத்தின் மிக விரைவான வகையின் ஒரு மூலக்கூறு, ஒரு விநாடியில் ஏறத்தாழ பத்து இலட்சம் காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளை மாற்றவல்லது. அறியப்பட்ட நொதியங்களுள் மிக விரைவானவற்றுள் இஃதொன்று.

சிப்பியின் பட்டறை

இனிச் சிப்பிக்குத் திரும்புவோம். சிப்பியின் உடலைப் போர்த்து நிற்கும் மென்மூடி என்னும் இழையமே ஓட்டைக் கட்டும் தொழிலாளி. ஓட்டுக்கு வேண்டிய கல்சியம் கடல்நீரில் மிகுதியாக உளது. காபனேற்றுப் பகுதி, கடல்நீரின் இருகாபனேற்றிலிருந்தும், சிப்பி தன் உணவைச் சிதைக்கும்போது பிறக்கும் காபனீரொட்சைட்டிலிருந்தும் வருகின்றது. கழிவென நாம் வெளிவிடும் வாயுவில் ஒரு பங்கைச் சிப்பி தன் வீட்டுக்குக் கல்லாக்குகின்றது என்பது கருதத்தக்கது.

இம்மாற்றத்துக்கும் நாம் மேலே கண்ட அதே தாக்கமே தேவை. அதே நொதியம் இங்கும் இருத்தல்வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. 1996 இல் யப்பானிய ஆய்வாளர் மியமோட்டோவும் அவருடன் பணியாற்றியோரும் முத்தின் படைகளிலிருந்தே ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அதற்கு நேக்கிறீன் எனப் பெயரிட்டனர். அதன் அமினோவமில ஒழுங்கை ஆராய்ந்தபோது, அதில் ஒரு பகுதி காபோனிக் அன்ஐதரேசாகவே இருந்தது. அவர்கள் ஆராய்ந்த சிப்பி பிங்தாடா பியூக்காற்றா என்னும் இனம். மன்னார்ப் பார்களில் வாழும் முத்துச்சிப்பியும் அவ்வினத்ததே. நொதியம் முத்தை ஆக்கிவிட்டு அகலவில்லை. முத்தினுள்ளேயே உறைந்து கிடக்கின்றது. நேக்கிறீனின் மற்றொரு பகுதி படிகம் வளர்வதைத் தடுத்து நிறுத்தவும் வல்லது எனப் பின்வந்த சோதனைகள் காட்டின. விரைவுபடுத்தலும் அடக்கலும் ஒருங்கமைந்தமையாலேயே ஒழுங்கான தகடு உருவாதல் கூடும் போலும்.

முத்து தோன்றுதற்குரிய தொடக்கம் யாது என்பது நெடுங்காலம் ஆராயப்பட்டது. இலிவர்ப்பூல் பேராசிரியர் ஏர்த்துமன் 1902 இல், சேம்சு ஓர்ணெல் என்பவருடன், இலங்கை முத்துப்பார்களை ஆராய வந்தார். அவர்களின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. நாடாப்புழுவின் குடம்பி சிப்பியுட் புகுவதே நன்முத்துப் பலவற்றுக்குக் காரணம் என அவர்கள் கருதினர். இன்று நாம் அறிவது இதனிலும் விரிந்தது. புழுவோ வேறு பொருளோ எது புகினும், மென்மூடியின் மேலணிக் கலங்கள் அதனுடன் உட்சென்று ஒரு பையாக அமைதல் வேண்டும். அப்பையே முத்தைச் சுரக்கின்றது. செயற்கை முத்து வளர்ப்போர் கருவுடன் மென்மூடித் துண்டொன்றையும் சேர்த்து வைத்தல் இதுபற்றியே. நம் கடலின் எதிர்க்கரையாகிய தூத்துக்குடியில் இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973 இல் இம்முறையால் முத்து விளைவித்தனர்.

கொட்டில் நிகழ்ந்தது

முத்தை ஆக்குவது நொதியம் என்றோம். பண்டை முறையிலே முத்தை வெளிக்கொணர்ந்ததும் நொதியமே. குளிகாரர் எடுத்த சிப்பிகளைக் கரையிலே கொட்டு என்னும் வேலியடைப்புகளிற் குவித்துப் பல நாள் அழுகவிட்டனர். பின்னர் கடல்நீரிற் கழுவி, அடியில் தங்கிய முத்துகளைப் பொறுக்கினர். 1905 ஆம் ஆண்டின் குளிப்பிலே எட்டுக் கோடி அளவிலான சிப்பிகள் எடுக்கப்பட்டன என்றால், அக்கரையில் எழுந்த நாற்றத்தை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

அழுகல் என்பது யாது? உயிருள்ள கலத்தில், புரதத்தைச் சிதைக்கும் நொதியங்கள் இலைசோசோம் என்னும் நுண்பைகளில் அடைபட்டுள்ளன. இதனை 1955 இல் பெல்சிய அறிஞர் தெ துவே வெளிப்படுத்தினார். உயிர் நீங்கியதும் பைகள் உடைகின்றன. நொதியங்கள் தம்மைப் பேணிய கலத்தையே கரைக்கின்றன. பற்றீரியாவும் ஈயின் புழுவும் தத்தம் நொதியங்களால் அவ்வேலையைத் தொடர்கின்றன. நொதியத்தின் இயல்பு மாறவில்லை. அதனை அடக்கியாண்ட ஒழுங்கே மறைந்தது. தசை கரைந்தது, கல்லினுட் பொதிந்த புரதம் அந்நொதியங்களுக்கு எட்டாமையால் முத்து எஞ்சியது.

சிப்பி கொடுக்கும் விலை

1905 இன் பெருவிளைவைக் கண்டு, 1906 இல் முத்துப்பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனிக்கு விடப்பட்டன. ஆனால், பார்கள் விரைவிலே வெறுமையாயின. குத்தகையும் இடையில் முடிந்தது. 1925 இன் பின்னர் இலங்கைக் கரையில் பெருங்குளிப்பு நிகழவில்லை. மணல் பெயர்தலும், திருக்கை முதலிய மீன்கள் இளஞ்சிப்பிகளை உண்ணுதலும், நீரோட்டம் குடம்பிகளை வேறிடம் கொண்டு செல்லுதலும் அக்காலத்தார் கூறிய காரணங்கள்.

இன்று மற்றொன்றையும் எண்ணவேண்டியுளது. கல்சியமும் இருகாபனேற்றும் கூடிக் கல்சியங்காபனேற்றாகும்போது ஐதரசன் அயன் விடுபடுகின்றது. அதனை அகற்றாவிடின் படிகம் வளராது. அகற்றுதற்குச் சிப்பி தன் உணவிலிருந்து பெற்ற சத்தியைச் செலவிடுகின்றது. கைத்தொழில் பெருகிய காலந்தொட்டு நாம் எரித்த நிலக்கரி, எண்ணெய் என்பவற்றின் காபனீரொட்சைட்டில் ஒரு பங்கு கடலிற் கரைந்துவிட்டது. உலகக் கடல்களின் மேற்பரப்பிலே பீஎச்சுப் பெறுமானம் சராசரியாக 8.2 இலிருந்து 8.1 ஆகக் குறைந்துள்ளது. சிறிது போலத் தோன்றினும், ஐதரசன் அயனின் செறிவு நூற்றுக்கு முப்பது அளவிற் கூடியமையையே இது குறிக்கும். காபனேற்று அயனும் அதற்கேற்பக் குறைகின்றது. முத்துச்சிப்பிக்கு மாத்திரமன்றி, முருகைக்கும் சங்குக்கும் இஃது ஒக்கும்.

விநாடிக்குப் பத்து இலட்சம் மூலக்கூறுகளை மாற்றும் நொதியத்தின் உறவினர் சிப்பியிடம் இருக்கின்றதே, அஃது இக்குறையை ஈடுசெய்யாதோ எனச் சிலர் கேட்கலாம். ஈடுசெய்யாது. நொதியம் பாலமேயன்றி நிலமன்று. சமநிலை எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கத்துக்கே அது விரைவாகக் கொண்டு செல்லும். சாய்வை எதிர்த்துக் கட்டவேண்டுமாயின், சிப்பி கூடுதலான சத்தியைச் செலவிடவேண்டும். உடல் வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் எஞ்சுவது அந்த அளவுக்குக் குறையும்.

நம் மூச்சிலே தொழிற்படும் நொதியமும் முத்திலே உறைந்த நொதியமும் ஒரே தாக்கத்துக்கு உரியன. நாம் புகைபோக்கிகளின் வழியே வெளிவிடும் வாயு அத்தாக்கத்தின் ஒரு பக்கத்திலே பாரமாய் ஏறுகின்றது. முத்தின் விலையைச் சந்தையிற் பேசியே பழகிய நாம், சிப்பி அதற்குக் கொடுக்கும் விலையையும் கணக்கிற் கொள்ளுதல் தக்கதாகும்.