வெள்ளி: பழைய படத்தில் புதிய சேதி
1991இல் எடுத்த இரண்டு ராடார் படங்கள், 30 ஆண்டு கழித்து ஒரு எரிமலையைக் காட்டிக்கொடுத்தன.

விடியற்காலை வானில் பளிச்சென்று மின்னும் வெள்ளி, கிட்டப் போனால் முகம் காட்டாது. கந்தக அமில மேகங்கள் அதை முழுக்க மூடியிருக்கின்றன. தரையில் வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ். அங்கே இறங்கிய சோவியத் கலங்களில் நீண்ட நேரம் தாக்குப்பிடித்தது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.

ஆகவே, மேலிருந்தபடியே துழாவிப் பார்ப்பது என்று முடிவு செய்தது நாசா. 1990 ஆகஸ்டில் வெள்ளியைச் சுற்றத் தொடங்கிய மெகல்லன் விண்கலத்தில் கேமராவுக்குப் பதில் ராடார். மேகத்தை ஊடுருவும் ரேடியோ அலைகளை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்கியது. கரடுமுரடான பாறை படத்தில் வெளிச்சமாகத் தெரியும். வழவழப்பான சமவெளி இருட்டாக இருக்கும். சுற்றுக்கு ஒரு பட்டையாக 98 சதவீத நிலப்பரப்பு பதிவானது. 1994 அக்டோபரில் மெகல்லனின் ஆயுள் முடிந்தது.

படங்களில் எரிமலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை அணைந்தவையா, இன்னும் குமுறுபவையா? ஒரு படம் இதற்குப் பதில் சொல்லாது. ஒரே இடத்தை இரண்டு முறை பார்த்தாக வேண்டும். மெகல்லன் பல இடங்களை அப்படிப் பார்த்தது. சிக்கல் என்னவென்றால், இரண்டாவது முறை பார்த்த கோணம் வேறு. ஒரே மலை இரு படங்களிலும் வேறு வேறாகத் தெரிந்தது.

அலாஸ்கா பல்கலைக்கழக விஞ்ஞானி ராபர்ட் ஹெரிக் சளைக்கவில்லை. சுமார் 200 மணி நேரம் படங்களைக் கண்ணாலேயே ஒப்பிட்டார். மாட் மான்ஸ் எரிமலை அருகே சிக்கியது துப்பு. 1991 பிப்ரவரியில் வட்டமாக, 2.2 சதுர கி.மீ. பரப்பில் இருந்த எரிமலை வாய், அக்டோபரில் உருக்குலைந்து சுமார் 4 சதுர கி.மீ. ஆகியிருந்தது. இது கோணம் செய்த மாயமல்ல, நிஜமான மாற்றம் என்பதை நாசாவின் ஸ்காட் ஹென்ஸ்லி கம்ப்யூட்டர் மாதிரிகளால் சோதித்துப் பார்த்தார். 2023 மார்ச்சில் முடிவு வெளியானது.

பூமியின் அளவே உள்ள வெள்ளி ஏன் உலையாக மாறியது என்ற கேள்விக்கு எரிமலைகள் கக்கும் வாயுக்களும் பதிலின் ஒரு பகுதி. அந்தத் தேடலில் இந்தியாவும் இறங்கியிருக்கிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாயில் வெள்ளித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஏவுவதற்கான இலக்கு 2028 மார்ச். அந்தக் கலத்திலும் ராடார் உண்டு.

மெகல்லன் தரும் பாடம் எளிது. புதிய படம் வந்தால் மட்டும் போதாது. அதைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பொறுமையுள்ள ஆளும் வேண்டும்.