வாய் திறக்காதவர் ஓட்டு யாருக்கு?

2004 மே 1. போலந்து, ஹங்கேரி, எஸ்டோனியா, மால்டா என்று பத்து நாடுகள் ஒரே நாளில் ஐரோப்பிய யூனியனுக்குள் நுழைந்தன. 15 என்பது 25 ஆனது. வாணவேடிக்கை, கொடியேற்றம் எல்லாவற்றையும் டிவியில் காட்டிவிட்டார்கள். காட்டாத இடம் ஒன்று உண்டு: பிரஸ்ஸல்ஸில் நிருபர்களை உள்ளே விடாத 133-ஆம் பிரிவுக் கமிட்டி. யூனியனின் வர்த்தகக் கொள்கையை நாடுகள் அன்று அலசிப் பிழிந்த இடம் அதுதான். வாருங்கள், கதவிடுக்கு வழியாகப் பார்ப்போம்!

மேஜையைச் சுற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினால் முன்பு ஒன்றேகால் மணி நேரம். 25 பேரானதும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். ஒரே ஒரு விஷயத்துக்கு!

எஸ்டோனியாவைப் பாருங்கள், பாவம். இறக்குமதிக்குக் கிட்டத்தட்ட வரியே இல்லாமல் வைத்திருந்த நாடு. சேர்ந்த அன்றே யூனியனின் பொது வரியைத் தலையில் ஏற்றிக்கொண்டது. வெளியே நின்ற அமெரிக்கா சும்மா இருக்குமா? புதியவர்கள் வரியைக் கூட்டியதால் எங்களுக்கு நஷ்டம் என்று உலக வர்த்தகத்துக்கான காட் ஒப்பந்தத்தின் 24-ஆம் பிரிவை நீட்டியது. 2006-இல் ஈடும் வாங்கிக்கொண்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த தில்லுமுல்லு இனிமேல்தான். அடிமாட்டு விலைக்கு வரும் சரக்கின் மீது போடும் பொருள்குவிப்புத் தடுப்பு வரிக்கு முன்பெல்லாம் பாதிக்கு மேற்பட்ட நாடுகள் 'சரி' சொல்ல வேண்டும்; நடுநிலை என்று ஒதுங்கினால் அது எதிர்ப்புக் கணக்கு. 2004 மார்ச்சில் விதியைத் திருப்பிப் போட்டார்கள். பாதிக்கு மேல் 'கூடாது' சொன்னால்தான் வரி தோற்கும், ஒதுங்கினால் ஆதரவு என்று ஆனது. தேதியைக் கவனித்தீர்களா? புது மருமகள்கள் வாசல் மிதிக்கும் முன்பே பீரோ சாவி இடம் மாறிவிட்டது!

2006 அக்டோபரில் சீன, வியட்நாம் தோல் செருப்புகளின் முறை வந்தது. ஆதரவு 9, எதிர்ப்பு 12, ஒதுங்கியவர்கள் 4. தோற்கடிக்க 13 வேண்டும். ஒரே ஓட்டு! சீனச் செருப்புக்கு 16.5 சதவீதம், வியட்நாமுக்கு 10 சதவீதம் வரி விழுந்தது.

புதியவர்கள் பாடம் கற்கவும் அதிக நாளாகவில்லை. ரஷ்யா போலந்தின் இறைச்சியை வாங்க மறுத்ததா? 2006 இறுதியில் போலந்து, யூனியன் மொத்தமும் ரஷ்யாவோடு தொடங்கவிருந்த ஒப்பந்தப் பேச்சையே தனியாளாக நிறுத்திவைத்தது. 2007-இல் வந்த ருமேனியாவும் பல்கேரியாவும் இன்னும் கெட்டி. கனடாவுடனான வர்த்தக ஒப்பந்தத்துக்கு உறுப்பினர் எல்லோரும் ஒப்புதல் தர வேண்டியிருந்த 2016-இல், முதலில் எங்கள் மக்களுக்கு விசாவை நீக்கு என்று உட்கார்ந்துவிட்டன. கனடா நீக்கியது, 2017 டிசம்பர் 1 முதல்.