கித்தாருக்கான பிரெஞ்சு மெருகு

பிரெஞ்சு மெருகு அல்லது பிரெஞ்சு பாலிஷ் என்பது, எத்தனாலில் கரைத்த அவலரக்கைத் துணிப்பொதியால் பல முறை தேய்த்து, மரத்தின் மேல் மெல்லிய, நிறமற்ற படலத்தை உருவாக்கும் முறை ஆகும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறைகலன்களில் பரவலாக இருந்த இம்முறை, கிளாசிக்கல் கித்தார்களுக்கு இன்றும் பயன்படுகிறது. தெளிப்புக் கருவி தேவைப்படாததால் வீட்டிலும் செய்ய இயலும்.

அவலரக்கு

அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினைத் தூய்மையாக்கிச் செதில்களாக்கினால் கிடைப்பது அவலரக்கு (ஷெல்லாக்). இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலம் இதன் முதன்மையான விளைநிலம். நிறமற்ற மெருகுக்கு, மெழுகு நீக்கிய வெளிர்நிறச் செதில்களே ஏற்றவை.

செயற்படும் விதம்

எத்தனால் ஆவியானதும் அரக்கு இறுகுகிறது. ஆனால் மீண்டும் எத்தனால் பட்டால் அது கரையும். ஆகவே ஒவ்வொரு பூச்சும் முந்தைய பூச்சைச் சற்றே கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடுகிறது. இம்முறையின் விதிகள், நன்மைகள், குறைகள் பெரும்பாலும் இந்தப் பண்பிலிருந்தே வருகின்றன.

செய்முறை

1. கம்பிகளைக் கழற்றி, விரற்பலகையையும் பிரிட்ஜையும் ஒட்டுநாடாவால் மூட வேண்டும். மரம் பழைய பூச்சு இல்லாததாக இருக்க வேண்டும். அதை இழையின் திசையில் 320 எண் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும்.

2. 100 மி.லி. எத்தனாலுக்கு 20 முதல் 24 கிராம் செதில் சேர்த்து, ஓரிரவு கரையவிட்டு வடிகட்ட வேண்டும். கரைசல் பழையதானால் சரியாக உலராது. ஆகவே சிறிதளவே தயாரிப்பது நல்லது.

3. கம்பளி அல்லது பஞ்சு உருண்டையைப் பழைய பருத்தித் துணியில் சுருக்கமின்றிக் கட்டினால் துணிப்பொதி தயார். ஸ்பானியக் கைவினைஞர்கள் இதை 'முன்யேக்கா' (பொம்மை) என்பர்.

4. பக்கங்களிலும் பின்பலகையிலும் பயன்படும் ஈட்டி மரத்தில் நுண்துளைகள் மிகுதி. நுரைக்கல் தூளைச் சிறிதளவு தூவி, எத்தனால் நனைத்த பொதியால் தேய்த்தால் அவை அடைபடும். ஸ்புரூஸ் மேற்பலகைக்கு இது தேவையில்லை.

5. பொதியில் கரைசலும், வழுக்கலுக்கு ஒரு துளி ஆலிவ் எண்ணெயும் இட்டு, வட்டமாகவும் எட்டு வடிவிலும் தேய்க்க வேண்டும். பொதி நகர்ந்துகொண்டே மரத்தைத் தொட்டு, நகர்ந்துகொண்டே விலக வேண்டும். ஓரிடத்தில் நின்றால் அடியிலுள்ள அரக்கு கரைந்து, பொதி ஒட்டிக்கொண்டு தழும்பு விழும்.

6. ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் ஓரிரவாவது உலரவிட வேண்டும். போதிய படலம் உருவானதும், எத்தனாலில் சற்றே நனைத்த புதிய பொதியால் மென்மையாகத் தடவி எஞ்சிய எண்ணெயை அகற்ற வேண்டும். படலம் முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும்.

நன்மைகளும் குறைகளும்

படலம் மிக மெல்லியது என்பதால் மேற்பலகையின் எடையைப் பெரிதாகக் கூட்டாது. அதன் அதிர்வையும் பெரிதாகத் தடுக்காது. கீறல் விழுந்தால் முழுப் பூச்சையும் அகற்றாமல் அவ்விடத்தில் மட்டும் மீண்டும் தேய்க்கலாம். அதே காரணத்தால் ஆல்கஹால் கலந்த கைத்தூய்மிப்பான் பட்டால் மெருகு கெடும். வெப்பத்தையும் வியர்வையையும் நெடுநேரம் தாங்காது. ஆகவே அடிக்கடி பயணத்தில் எடுத்துச் செல்லும் கித்தாருக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது.

பாதுகாப்பு

எத்தனால் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, புகைபிடித்தல் ஆகியவை இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்திலேயே வேலை செய்ய வேண்டும். மெத்தனால் கலந்த ஸ்பிரிட் நச்சுத்தன்மை கொண்டது என்பதால் கையுறை அவசியம். அரக்குக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி வைக்கக் கூடாது. அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றை வெளியில் விரித்து உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.