குரல் தெரியும்... முகம் தெரியுமா?

குட்டீஸ், ஒரு நிமிடம் கண்களை மூடிக்கொள்ளுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கிறது. விலை கூறுபவரின் குரல் ஏறுகிறது, இறங்குகிறது. பக்கத்துச் சாலையில் கன்டெய்னர் லாரியின் ஹாரன். தூரத்தில் கப்பலின் சங்கு. கண்ணைத் திறக்காமலேயே, 'இது நம்ம ராயபுரம் பக்கம்' என்று சொல்லிவிடுவீர்கள் அல்லவா? காதுக்கு அவ்வளவு சக்தி!

இப்போது ஒரு கேள்வி. டி.வி.,யில் டோரேமான் பார்க்கிறீர்களே, அந்த நீல நிறப் பூனை ரோபோவுக்குப் பேசுவது யார்? பொம்மைக்கு வாய் அசையும். குரல் எங்கிருந்து வரும்? ஒரு மனிதரின் தொண்டையிலிருந்துதான்!

ஜப்பானில் டோரேமானுக்கு 1979 முதல் 2005 வரை, 26 ஆண்டுகள் குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா என்ற நடிகை. 1933ல் டோக்கியோவில் பிறந்தவர். பள்ளியில் படித்தபோது, அவருடைய கரகரத்த குரலைக் கேட்டு மற்ற பிள்ளைகள் கேலி செய்தனர். அந்தச் சிறுமி பேசவே கூச்சப்பட்டாள். ஆனால், அவருடைய அம்மா, 'குரலை ஒளித்து வைக்காதே. அதிகமாகப் பயன்படுத்து' என்ற பொருளில் தைரியம் சொன்னார். பள்ளி ஒலிபரப்பு மன்றத்தில் சேர்ந்தாள் சிறுமி. பிறகு நடிப்புப் பயிற்சி, டி.வி., நாடகம் என்று வளர்ந்து, ஜப்பான் குழந்தைகள் எல்லாரும் அடையாளம் காணும் குரலானார். 2024ல் தமது 90வது வயதில் காலமானார். கேலி செய்யப்பட்ட அதே குரல்தான் அவரை உயர்த்தியது!

நம் ஊரிலும் இப்படித் திரையிலும், திரைக்குப் பின்னாலும் சாதித்த நடிகை ஒருவர் இருக்கிறார். அவர்தான் ரோகிணி. 1969ல் ஆந்திராவின் அனகாபள்ளியில் பிறந்தவர். உங்களில் பலர் ஒன்றாம் வகுப்புக்குப் போன வயதில், அவர் கேமரா முன் நின்றுவிட்டார். தெலுங்கு, தமிழ்ப் படங்களில் குழந்தை நட்சத்திரமாக நடித்து, பிறகு மலையாளத்திலும் கதாநாயகி ஆனார். 1995ல் வந்த 'ஸ்த்ரீ' என்ற தெலுங்குப் படத்துக்காகத் தேசிய விருதில் சிறப்புப் பாராட்டு பெற்றார். 2015ல் வந்த 'பாகுபலி'யில், ஆற்றில் கிடைத்த குழந்தையைத் தூக்கி வளர்க்கும் அம்மா நினைவிருக்கிறதா? அவரேதான்!

முகம் தெரியாமல் அவர் செய்த வேலையும் நிறைய. 1995ல் வெளியான 'பம்பாய்' படத்தில் நடித்த மனீஷா கொய்ராலா, நேபாளத்தில் பிறந்தவர். 1997ல் வெளியான 'இருவர்' படம்தான் ஐஸ்வர்யா ராய்க்கு முதல் படம். இவர்கள் இருவரும் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் அல்ல. ஆனால், திரையில் அழகாகத் தமிழ் பேசினார்கள். அந்தத் தமிழ், ரோகிணியின் தமிழ்! தெலுங்கு மண்ணில் பிறந்த ஒருவர், வடக்கிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழ்க் குரல் தந்தார் என்றால், எவ்வளவு உழைத்திருக்க வேண்டும்?

எப்படிப் பேசுகிறார்கள்?

டப்பிங் அறை, வெளிச்சத்தம் நுழையாத அறை. உள்ளே ஒரு மைக், எதிரே ஒரு திரை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையில் தெரிபவரின் உதட்டைப் பார்த்தபடியே பேச வேண்டும். வளையல் குலுங்கினாலும், காகிதம் சரசரத்தாலும் பதிவாகிவிடும். முன்பெல்லாம் படச்சுருளை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பேசுவார்கள். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

இதில் ஒரு ரகசியம் உண்டு. 'அம்மா', 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள். 'ம', 'ப' வரும்போது உதடுகள் மூடும். 'காகா' என்று சொன்னால் மூடாது. வேறு மொழிப் படத்துக்குத் தமிழில் வசனம் எழுதுபவர், நடிகரின் உதடு மூடும் இடத்தில் 'ம', 'ப' வருமாறு வார்த்தைகளைத் தேடிப் பிடிப்பார். இல்லாவிட்டால் உதடு ஒன்று பேசும், காது வேறொன்று கேட்கும்!

நம்ம பேச்சு மட்டமா?

1994ல் வெளிவந்த 'மகளிர் மட்டும்' படத்தில், பாப்பம்மா என்ற துப்புரவுப் பணிப்பெண்ணாக ரோகிணி நடித்தார். அந்தப் பாப்பம்மா பேசுவது நம் சென்னைத் தமிழ். ராயபுரத்திலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் வீட்டுக்கு வீடு கேட்கிற தமிழ்தான் அது.

இந்தப் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரிப்பதுண்டு. நீங்கள் வெளியூர் போனால் உங்களைப் பார்த்தும் சிரித்திருக்கலாம். கூச வேண்டாம், குட்டீஸ். 'அப்பால வா' என்கிறோமே, 'அப்பால்' என்பது பழந்தமிழ்ச் சொல். 'குந்து' என்பதும் அகராதியில் உள்ள தமிழ்ச் சொல்தான். 'ரிக் ஷா' எங்கிருந்து வந்தது தெரியுமா? 'மனித சக்தியால் ஓடும் வண்டி' என்று பொருள்படும், 'ஜின்ரிகிஷா' என்ற ஜப்பானியச் சொல்லிலிருந்து! துறைமுக ஊரின் பேச்சில் பல தேசத்துச் சொற்கள் கலந்திருப்பது இயற்கை. பள்ளியில் பாடப்புத்தகத் தமிழ், வீட்டில் வீட்டுத் தமிழ். இரண்டும் தெரிந்தவருக்கு இரண்டு குரல்!

குழந்தை நட்சத்திரம் என்றால்...

'நானும் சினிமாவில் நடிக்கலாமா?' என்று ஆசை வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். சிறு வயதிலேயே நடித்த ரோகிணி, பெரியவரான பிறகு, குழந்தை நட்சத்திரங்களைப் பற்றி, 'சைலன்ட் ஹ்யூஸ்' என்ற ஆவணப்படத்தை இயக்கினார். திரையில் சிரிக்கும் குழந்தைக்குப் பின்னால் பெரியவர்களுக்குச் சமமான வேலை இருக்கிறது. பளிச்சென்ற விளக்கு வெளிச்சத்தில் காத்திருக்க வேண்டும். பள்ளி நாட்கள் தவறும். விளையாட நேரம் இருக்காது.

அதனால்தான், 2017ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் விதிகள் சில கட்டுப்பாடுகளை வைத்துள்ளன. நடிக்கும் குழந்தையிடம் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் நடிக்க வைக்கக்கூடாது. படிப்பு நின்றுபோகக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை, அந்தக் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். நடிப்பு அழகான கலை. ஆனால், குழந்தைப் பருவம் அதற்கு விலை ஆகிவிடக் கூடாது, சரிதானே?

நீங்களும் பேசிப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டி.வி.,யில் கார்ட்டூன் போட்டு, சத்தத்தை முழுவதும் குறைத்துவிடுங்கள். ஆளுக்கொரு பாத்திரமாக, வாயசைவுக்கு ஏற்ப நீங்களே பேசுங்கள். முதலில் பாடப்புத்தகத் தமிழில். அடுத்து நம்ம ஊர்ப் பேச்சில். 'எனக்குக் கீச்சுக் குரல்', 'எனக்குக் கரகரக் குரல்' என்று ஒதுங்கி நிற்கும் நண்பரை முதலில் அழைத்து மைக்கைக் கொடுங்கள். மைக் இல்லையா? ஒரு கரண்டி போதும்!

யார் கண்டது... அடுத்த டோரேமானின் குரல், உங்கள் தெருவிலேயே ஒளிந்திருக்கலாம்!