கோட்டை வாயிலில் ஒரு சம்மதம்: மார் நிலவுரிமை பற்றிய சில குறிப்புகள்

மத்தியகால ஐரோப்பியப் பிரபு குலங்களின் திருமணங்களை வீரக்கதைகளாக வாசிக்கும் பழக்கம் வரலாற்று நாவல்களின் வழியே நம்மிடையேயும் வேரூன்றியுள்ளது. 1404 இல், ஸ்கொட்லாந்தின் வடகிழக்கிலுள்ள கில்ட்றம்மிக் கோட்டையில் உறுதியான திருமணம் அத்தகைய வாசிப்புக்குத் தாராளமாக இடந்தருவது. நாம் அதனை நிலவுடைமையின் தளத்தில் வைத்து நோக்க விழைகிறோம்.

இசபெல்லா, டக்ளஸ் குலத்து முதலாவது ஏர்ளான வில்லியத்தின் மகள். 1388 இல் ஒட்டர்பேண் போரில் அவளது சகோதரன் ஜேம்ஸ் முறையான வாரிசின்றி மடிந்தபோது குடும்பத்தின் உடைமை இரண்டாகப் பிளந்தது. டக்ளஸ் பட்டமும் அதனோடு பிணைந்த நிலங்களும், 1342 இல் செய்யப்பட்ட ஆண்வழி ஏற்பாட்டின்படி, திருமணத்துக்குப் புறம்பே பிறந்த ஆர்ச்சிபோல்டைச் சென்றடைந்தன. உறுதியிற் பெயர் இருந்தமையால் அவனது பிறப்பு அவனுக்குத் தடையாகவில்லை. முறையாகப் பிறந்த மகளோ புறத்தே நின்றாள். தாய் வழியாக வந்த மார் என்னும் பிரதேசமே அவளுக்குக் கிட்டியது.

அவளது கணவனும் அரசியின் சகோதரனுமான மல்கம் ட்றமண்ட் சிறைப்பிடிக்கப்பட்டு 1402 இல் இறந்தான். பிள்ளையில்லாத விதவையின் கையிற் பெரும் நிலம்! இந்நிலையிலேயே அரசனுடைய சகோதரனின் முறைசாராப் புதல்வனாகிய அலெக்சாந்தர் ஸ்ருவேட் களத்தில் இறங்குகிறான். கோட்டையை அவன் படைபலத்தாற் கைப்பற்றினான் என்பதே பொதுவான கருத்து. 1404 ஆகஸ்ட் 12 இல் எழுதப்பட்ட உறுதியின்படி, இருவருக்கும் பிள்ளை பிறவாவிடில் நிலம் அவனுடைய வாரிசுகளுக்கே உரியது.

எனினும் அவ்வுறுதி போதுமானதாயிருக்கவில்லை. திருச்சபைச் சட்டம் மணமக்களின் சம்மதத்தையே திருமணத்தின் அடிப்படையாகக் கொண்டது. பலவந்தம் நிரூபிக்கப்படின் திருமணமே செல்லாதாகும். நிலமோ முடியின் கீழ் வைத்திருக்கப்பட்டது. அரசனின் அங்கீகாரமின்றி உரித்து நிலைபெறாது. எனவே செப்டெம்பர் 19 இல் அலெக்சாந்தர் கோட்டை வாயிலில், கூடியிருந்தோர் முன்னிலையில், கோட்டையையும் அதன் பொருள்களையும் உறுதிகளையும் இசபெல்லாவிடம் ஒப்படைத்தான். சாவிகளைக் கையிற் கொண்டவளாய், சுயவிருப்பின்படி அவனைக் கணவனாகத் தெரிவு செய்வதாக அவள் அறிவித்தாள்.

இதனை வெறும் நாடகமெனத் தள்ளிவிடுவது எளிது. எம்மைப் போன்றோர் அடிக்கடி இழைக்கும் தவறும் அதுவே. டிசம்பர் 9 இல் எழுதப்பட்ட புதிய உறுதியை முன்னையதோடு ஒப்பிடுக. பிள்ளையில்லாவிடின் நிலம் இப்போது இசபெல்லாவின் வாரிசுகளுக்கு மீளும். அவளது உள்ளக்கிடக்கை யாதாயினும், அலெக்சாந்தருக்குச் சட்டப்படியான உரித்துத் தேவைப்பட்டது; அத்தேவையே அவளது தரப்புக்குப் பேரம்பேசும் வலுவை அளித்தது. மேற்கட்டுமானம் அடித்தளத்தின் வெறும் நிழலன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

ஆயினும் அவ்வலுவுக்கும் எல்லையுண்டு. 1408 இல் இசபெல்லா பிள்ளையின்றி இறந்த பின்னரும் அலெக்சாந்தர் ஏர்ளாகவே நீடித்தான். 1411 இல் ஹார்லோப் போரில் அப்பட்டத்துடனேயே படை நடத்தினான். 1426 இல் நிலத்தை முதலாம் ஜேம்ஸிடம் ஒப்புவித்து, தன் வழி அற்றுப்போயின் அது முடிக்கே சேரும் என்ற நிபந்தனையுடன் மீளப்பெற்றான். டிசம்பர் உறுதியை மீறிய ஏற்பாடு இது. 1435 இல் அவன் இறந்ததும் மாரை அரசன் எடுத்துக்கொண்டான். இசபெல்லாவின் உறவுவழி உரிமை கோரிய ஏர்ஸ்கின் குடும்பத்தினருக்கு எதிராக 1457 இல் தீர்ப்பாயிற்று. அரசி மேரி அவர்களது உரிமையை ஏற்றுக்கொண்டது 1565 இல். வாயிலிற் சாவிகள் கைமாறி அப்போது 161 ஆண்டுகள் கழிந்திருந்தன.