இயற்கை முறைக் கருத்தடை: எதை நம்பலாம்?

பிழைப்பைத் தேடி மும்பை, பெங்களூரு, டெல்லி போன்ற நகரங்களில் குடியேறியுள்ள நம் இளம் தம்பதியரில் அநேகர், அடுத்த குழந்தைக்குச் சற்று இடைவெளி விரும்புகின்றனர். மாத்திரை என்றால் அச்சம். மருத்துவரிடம் கேட்கவோ வெட்கம். அவ்வேளையில் ஊரிலிருந்து வரும் கைமருந்துக் குறிப்பு பெருந்துணையாகத் தோன்றுகிறது. 'இயற்கையானது, பக்கவிளைவு அற்றது' என்ற சொல்லைக் கேட்டதும் மனம் இணங்கிவிடுகிறது. ஆனால் இயற்கையானவை யாவும் தீங்கற்றவை அல்ல.

மூலிகைகள்

பப்பாளிக்காயும் எள்ளும் கருவைத் தடுக்கும் என்பது பழைய நம்பிக்கை. அவற்றை நம்பிக் கருத்தடை செய்ய இயலாது. செம்பருத்திப்பூச் சாறு எலிகளில் கரு பதிவதைத் தடுத்ததாகவும், வேப்பெண்ணெய் ஆய்வுக்கூடத்தில் விந்தணுக்களை அழித்ததாகவும் ஆய்வுகள் கூறுவது உண்மையே. எனினும், வீட்டில் இவ்வளவு உட்கொண்டால் இத்தனை நாள் பாதுகாப்பு என்று எதுவும் நிலைநாட்டப்படவில்லை.

மாதவிலக்குக்குப்பின் ஆமணக்கு விதையை விழுங்கும் வழக்கமும் உண்டு. அவ்விதையில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. தள்ளிப்போன மாதவிலக்கை வரவழைக்க எருக்கம்பாலையும் கொடிவேலி வேரையும் பயன்படுத்துவது அதனினும் கொடியது; இரத்தப்போக்கும் சீழ்பிடித்தலும் தாயின் உயிரையே பறிக்கக்கூடும்.

மணிமாலை தரும் பாடம்

நாட்களைக் கணக்கிடும் முறை நம் நாட்டில் முன்பே சோதிக்கப்பட்டது. அன்றைய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் கேட்டுக்கொண்டதன்பேரில், உலகச் சுகாதார நிறுவனம் 1951-ல் மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோனை அனுப்பியது. பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் 1952 முதல் சோதனை நடந்தது. பெண்களுக்கு வண்ண மணிமாலைகள் அளிக்கப்பட்டன. பச்சை மணி பாதுகாப்பான நாள், சிவப்பு மணி விலகியிருக்க வேண்டிய நாள். இருளில் நிறம் தெரியாமல் தடுமாறியோரும், மணியை நகர்த்தினாலே கரு தங்காது என எண்ணியோரும் உண்டு. முயற்சி பலன் தரவில்லை. காரணம் தெரியாமல் கைக்கொள்ளும் முறை தாயத்தைப் போன்றதே.

பயன்தரும் இரு வழிகள்

முதலாவது, தாய்ப்பால். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதிருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கலாகாது. இம்மூன்றும் பொருந்தினால் 98 விழுக்காட்டுக்குமேல் பாதுகாப்பு உண்டு. ஒன்று தவறினாலும் வேறு வழி தேட வேண்டும்.

இரண்டாவது, நாட்கணக்கு. மாதவிலக்குச் சுழற்சி தவறாமல் 26 முதல் 32 நாட்களுக்குள் அமைவோர், விலக்கான முதல் நாளை 1 என எண்ணி, 8-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை விலகியிருக்க வேண்டும். விந்தணு ஐந்து நாள்வரை உயிரோடிருக்கும் என்பதாலேயே இத்தனை நாட்கள். பிழையின்றிக் கைக்கொண்டாலும் ஆண்டில் 100 பெண்களில் சுமார் 5 பேரும், நடைமுறையில் சுமார் 12 பேரும் கருத்தரிக்கின்றனர். சுழற்சி ஒழுங்கற்றவர்களுக்கும், பிரசவத்துக்குப்பின் சுழற்சி இன்னும் சீராகாதவர்களுக்கும் இது ஏற்றதன்று.

கணவரின் பங்கு

அன்பான சகோதரரே, மனைவி எண்ணும் நாட்களை நீங்கள் மதியாவிட்டால் இம்முறை ஒருநாளும் பலிக்காது. பன்னிரண்டு நாள் தன்னடக்கம் இருவருக்கும் உரியது. அது இயலாதெனில் ஒளிவின்றிப் பேசி, இருவருமாக அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; ஆணுறை, காப்பர்-டி, மாத்திரை ஆகியவை அங்கு இலவசமாகவே கிடைக்கின்றன.

சகோதரியே, மாதவிலக்கு தள்ளிப்போனால் எந்த வேரையும் தொடாதீர்கள். தாமதமின்றி மருத்துவரைக் காணுங்கள். வெட்கம் ஒரு மணிநேரத்தில் மறைந்துவிடும். இழந்த உயிர் திரும்பாது.